முனிக்கு உயிரோடு விட்ட போன்கள்

போனைக் கீழே வை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது, கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு “நனையாதே” என்று அடுத்தவருக்குப் புத்தி சொல்கிற தொழில். சொல்கிறவரும் தொப்பலாக நனைந்துதான் இருப்பார்.

நான் ஓர் ஆலோசனை ஆசிரியை. ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, நோர்வூட், மஸ்கெலியா, பூண்டுலோயா என்று தோட்டப் பாடசாலைகளுக்குப் போய், போன் பார்த்துப் பார்த்து மனசு எப்படி அதற்கு அடிமையாகிறது என்று சொல்லிக் கொடுக்கிறேன். பேசவேண்டிய குறிப்புகள் என் போனில்தான் இருக்கின்றன. வகுப்புக்குள் நுழையும் முன் கடைசியாகப் பார்ப்பதும், வெளியே வந்ததும் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கத்தாரில் வேலை செய்கிற என் மகன் எழுந்ததும் ஒரு ‘குட் மோர்னிங்’ அனுப்புவான். அது வராத காலையில் எனக்குத் தேத்தண்ணி தொண்டையில் இறங்காது. பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்வதில்லை. வீட்டிலும் வகுப்பிலும் போனோடு மல்லுக்கட்டி மண்ணைக் கவ்விய உங்களிடம் சொல்வதற்கென்ன, நாமெல்லாம் ஒரே கட்சிதானே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பாததற்கும் பயப்படாததற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் குடியிருக்கிறேன். கீழே வருவதெல்லாம் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரே தோட்டத்தில் நடந்தவை. தோட்டத்தின் பேர் வேண்டாம்.

முகங்கள் மட்டும்

முதல் நாள் அந்தப் பாடசாலையில் வேலை முடிந்து கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வருகிறேன் என்று பாடசாலை அதிபரும் கூட வந்தார். நல்ல மனுஷர், கொஞ்சம் பயந்த சுபாவம். குறுக்குப் பாதையில் போனால் சீக்கிரம் என்றார். அது தோட்டத்து மயானத்தை ஒட்டிப் போகிற பாதை என்பதை மட்டும் சொல்லவில்லை. பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று அந்தப் பனிக்குள் முகங்கள் தெரிந்தன. தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், வெளிறிப்போன நீல முகங்கள். கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. ஒன்றோடொன்று பேசவில்லை. ஒரு முகம் மட்டும் சத்தமே இல்லாமல் சிரித்தது. நான் அதிபரின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது சமாதிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். “பாப்பா... எடும்மா... அம்மா பேசுறேன்... பாப்பா...”

“பயப்படாதீங்க டீச்சர், நம்ம பிள்ளைங்கதான்” என்றார் அதிபர். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் எங்கேயும் கவரேஜ் கிடையாதாம். இந்த மேட்டில் மட்டும்தான் கிடைக்குமாம். அதனால் சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு மயானத்துக்கு வந்துவிடுகிறார்கள். கூப்பிட்ட குரல், தரம் பத்தில் படிக்கிற தர்ஷினியின் போன் மணி. அவள் ஒரு சமாதியின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவோடு பேசி முடிக்கும்வரை காத்திருந்து விசாரித்தேன். அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். புறப்படுவதற்கு முதல் நாள் தன் குரலையே மணியாகப் பதிந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கென்று அங்கே போன் இல்லை. அந்த வீட்டார் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம் மேடத்தின் போனைக் கொஞ்சம் கொடுப்பார்கள். அது இங்கே விளக்கு வைக்கிற நேரம். என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது, இங்கிருந்து திருப்பிக் கூப்பிடவும் முடியாது.

“அக்ரிமென்ட் முடியப் போவுதுங்க டீச்சர். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கியான்னு மேடம் கேப்பாங்களாம். நான் வரச் சொல்றேன், அப்பா இருக்கச் சொல்லுது. கேக்குற அன்னைக்கே உனக்கு கால் எடுக்குறேன், அப்ப நீ என்னா சொல்றியோ அதான் கடைசின்னு அம்மா சொல்லியிருக்கு” என்றாள். அதற்காகத்தான் தினமும் இங்கே வந்து உட்காருகிறாளாம். பயமாக இல்லையா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “செத்தவங்க பக்கத்துல இருக்குறதுக்கு என்னா பயங்க டீச்சர்? கவரேஜ் இல்லாத எடத்துல இருந்தாத்தான் பயமா இருக்கு.”

மலையைத் தள்ளியவன்

அடுத்த முறை போனபோது மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைக் காம்பராவில் ஒதுங்கினேன். தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஆயம்மா ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். சன்னல் கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு வயசுப் பையன் ஒருவன் நின்று, வெளியே தெரிந்த மலையை விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். மலை போகவில்லை. மறுபடி தள்ளினான். போகவில்லை என்றதும் வீறிட்டு அழுதான்.

பாடம் எடுக்கிற புத்தி எங்கே போகும்? அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இது போன் இல்லைடா ராசா, மலை. தள்ளினா போகாது” என்றேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தான். அவன் விரல் போன பக்கமே, நீர்த்தேக்கத்திலிருந்து கிளம்பிய பனி நகர்ந்து வந்தது. முதலில் சவுக்கு மரங்கள் போயின. பிறகு தேயிலை ஸ்டோர் கூரை, அப்புறம் மலை முழுவதும் இல்லாமல் போயிற்று. பையன் கெக்கெக்கே என்று சிரித்தான். பிறகு மெதுவாகத் திரும்பி, அதே விரலை என் கன்னத்தில் வைத்தான்.

நான் அவனைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டேன். ஆயம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: “எல்லாரும் இப்பிடித்தான் எறக்கி விட்டுர்றாங்க டீச்சர். அவன் மொகத்துல வெரல வச்சா ஒருத்தரும் நிக்க மாட்டேங்கிறாங்க.”

வண்டு போன பிறகும்

பாடசாலைக்குள் போன் கொண்டுவரக் கூடாது. வாசலிலேயே மாணவத் தலைவர்கள் பையைத் துழாவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அந்த நம்பிக்கையில் தரம் பத்து வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் கொட்டை எழுத்தில், ‘பாடம் தவிர ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும்’ என்று எழுதிப் போட்டிருந்தேன். தர்ஷினி முன் வரிசையில் உட்கார்ந்து அதைக் கர்மசிரத்தையாகப் பார்த்து எழுதினாள். அப்போது எங்கேயோ ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். வகுப்பிலிருந்த அத்தனை பிள்ளைகளின் கையும் ஒரே நேரத்தில் இடுப்புக்குப் போயிற்று. கோயிலில் மணி அடித்தால் கை தானாகக் கூப்புமே, அந்த மாதிரி.

சத்தம் வந்தது கரும்பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு வண்டிடமிருந்து. ஈர்க்கால் தள்ளி அதைச் சன்னல் வழியாக வெளியே விட்டேன். “பாத்தீங்களா, மூளை எப்படி ஏமாறுது” என்று இந்தச் சந்தர்ப்பத்தையும் பாடமாக்கிவிட்டேன். எனக்கே என்மேல் மெச்சுதல். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அந்த அமைதிக்குள் அத்தனை கையும் மறுபடி இடுப்புக்குப் போயிற்று. இந்தத் தடவை சத்தம் எதுவும் வரவில்லை. என் கை என் கைப்பையின் மேல் இருந்தது. அதை நான் எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

முன் பெஞ்சில் இருந்த ஒருவன் என் கையையே பார்த்துக்கொண்டு கேட்டான்: “வண்டு போயிருச்சுங்க டீச்சர், ஆனா எங்களுக்கு இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. உங்களுக்கும் அடிக்குதா?”

எந்தக் கூடைக்கு

பெற்றோர் கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தோம். மற்ற நாளில் வைத்தால் நானும் அதிபரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் சோறு தின்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, மயானத்தை விட்டு வருவதில்லை என்று ஆளுக்கு ஒரு புகார். எல்லாம் முடிந்த பிறகு ராஜேஸ்வரி என்று ஒரு தாய் எழுந்தாள். கொழுந்தெடுக்கிறவள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் என்பது அவள் முந்தானையைத் திருகிய விதத்திலேயே தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளும் மகனும் பாயில் படுத்து அசந்துவிட்டார்களாம். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தவர் வந்து வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அவளுடைய இரண்டு கைகளும் போர்வையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. பக்கத்தில் மகனுடைய பெருவிரல் போர்வையை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் கண் மூடியிருக்கிறது. இரண்டு கையும் ஒரே தாளத்தில் போயிருக்கின்றன. அவருக்கு எழுப்பத் தைரியம் வரவில்லையாம். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாராம்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “என் கை எடுக்குறது என்னான்னு எனக்குத் தெரியுங்க டீச்சர், சாயங்காலம் நிறுத்துப் பாத்துருவாங்க. அவன் கை எடுக்குறது எந்தக் கூடைக்குப் போவுதுங்க?”

உயிரோடு விடணும்

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால் வழக்கம்போல ஒரு ஆலோசனை சொன்னேன். ஒரு மாதத்துக்கு, சாயங்காலம் ஆனதும் எல்லாரும் பிள்ளைகளின் போனை ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், காலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எந்த இடம் என்பதில்தான் சண்டை வந்தது. தோட்டத் தலைவர் வீட்டில் வைக்கலாம் என்றால், “அவரு வீட்லதான் ஊருல உள்ள பேரப்பிள்ளை எல்லாம் இருக்கு” என்றார்கள். பாடசாலையில் வைக்கலாம் என்றால் கூரை ஒழுகுகிறது. கடைசியில் பூசாரி மாரிமுத்து எழுந்து, “காவல் முனிகிட்ட விட்டுருவோம். அங்க ஒருத்தனும் கை வைக்க மாட்டான்” என்றார். மயானத்துக்கு மேலே சவுக்கு மரத்தடியில் நாலு சூலமும் கண் வரைந்த ஒரு கல்லும்தான் காவல் முனி. சபை ஒரே குரலில் ஒத்துக்கொண்டது. ஆஃப் பண்ணி வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பூசாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சேவல அடிச்சுக் கொண்டு வந்து குடுத்தா சாமி வாங்குமாங்க? முனிக்கு எதையும் உசுரோடதான் விடணும்.”

முனியிடம் விட்ட போனை விடியும்வரை தொடுவதில்லை என்று, தாம்பாளத்தில் சூடம் கொளுத்தி ஆளாளுக்குத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். நீங்களும் செய்யுங்க டீச்சர் என்றார்கள். முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று நானும் தொட்டேன். முதல் ஆளாகப் போனைக் கொண்டுவந்து வைத்தவர் தர்ஷினியின் அப்பா சிவலிங்கம். ஸ்டோரில் காவல் வேலை, பொழுது சாயும் முன்னே வேலைக்குப் போய்விடுகிறவர். “அந்தப் பிள்ளைக்கு சாயங்காலம்தானே அம்மா கால் வரும்?” என்று நான் குறுக்கே விழுந்தேன். “இனிமே காலையில கூப்பிடச் சொல்லிட்டேங்க டீச்சர், அதெல்லாம் நான் பாத்துக்குறேன்” என்றார் அவர். தகப்பனே சொல்கிறார், அப்புறம் நான் யார்? தர்ஷினி மண்டபத்துக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாரும் கலையப் போகிற நேரத்தில் பூசாரி கையைத் தூக்கிச் சொன்னார்: “ஒண்ணு கேட்டுக்கங்க. விடிய முன்ன போன்ல கை வச்சா, முனி கை வச்ச ஆளப் பிடிக்காது. அவுங்க வீட்டு ஆளுங்கள்ல யாரு ரொம்பத் தூரத்துல இருக்காங்களோ, அங்க போயித்தான் பிடிக்கும்.”

என் மனசு அந்த நிமிஷமே கத்தார் வரைக்கும் போய்விட்டு வந்தது.

எல்லா வீட்டிலும் பாப்பா

நடுவில் மூன்று வாரம் நோர்வூட் பக்கமும் பூண்டுலோயா பக்கமும் அலைந்தேன். அதிபர் போன் செய்து, “டீச்சர், அற்புதம்! ஒரு பிள்ளைகூடப் போனத் தொடுறதில்ல. ஒருக்கா வாங்க, பெற்றோர் எல்லாம் உங்களப் பாக்கணுங்கிறாங்க” என்றார். போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு விழுந்த முதல் பொன்னாடை. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சத்தமில்லை, தள்ளுமுள்ளு இல்லை. சந்தோஷம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு வெறுமை. போனைக் காலையில் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மயானத்துப் பக்கம் போகிறீர்களா என்று கேட்டேன். ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள்.

கூட்டம் முடிந்ததும் பூசாரி மாரிமுத்து என்னைத் தனியாக அழைத்துப் போனார். மனுஷர் ஒரு சுற்று இளைத்திருந்தார். போன் விட்ட மறுநாளே முனி கோயிலிலிருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில், ஒரு பெண் குரல் கூப்பிட ஆரம்பித்துவிட்டதாம். எல்லாரும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். அதன் பிறகு காலையில்கூட யாரும் போனை எடுக்கப் போகவில்லை. சார்ஜ் தீர்ந்து மற்ற எல்லாம் செத்துப்போயிற்று. “ஒண்ணு மட்டும் சாவ மாட்டேங்குதுங்க” என்றார். நடுவில் ஒரு நாலைந்து நாள் விடாமல் கூப்பிட்டதாம். இப்போது எப்போதாவதுதான். “கூப்பிடுறதுகூடப் பரவால்லைங்க டீச்சர். அதுக்கு ஒரு சின்னக் கொரல் பதில் சொல்லுது. நான் பூசாரி, எனக்கே மேல ஏறிப்போவத் தைரியம் இல்ல.”

எனக்கு விளங்கிவிட்டது. பொன்னாடைக்குள்ளேயே உடம்பு குளிர்ந்தது. காலையில் கூப்பிடச் சொல்லிவிட்டேன் என்று சிவலிங்கம் சொன்னது பொய். அந்தத் தாய் நாலைந்து நாள் விடாமல் கூப்பிட்டாள் என்றால், மேடம் கேட்ட நாள் வந்துவிட்டது. என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று, தெரிந்தும் கேட்டேன். பூசாரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாப்பான்னு கூப்பிடுது. பேரு சொல்லிக் கூப்பிட்டா அந்த ஒரு வீட்டோட போயிரும். இந்தத் தோட்டத்துல எந்த வீட்லங்க பாப்பா இல்ல?”

விளக்கு வைக்கிற நேரம்

அதிபருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் திடீரென்று வீட்டில் ஒரு அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. நான் தனியாகவே ஏறினேன். தூறல், வழுக்கல், காலில் அட்டை. கீழே லயங்களில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. சவுக்கு மரத்தடியில் தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். முனிக்கு எதிரே, கல் வரிசைக்கு வெளியே, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். கை தன்னை மீறிப் போய்விடக் கூடாது என்று பிடித்துவைத்திருப்பது பார்த்தாலே தெரிந்தது. அவளுடைய போனை அவளே காலையில் எடுத்துப் போய் சார்ஜ் போட்டு, சத்தியப்படி சாயங்காலம் கொண்டுவந்து வைக்கிறாள். அதுதான் சாகாத போன்.

“அப்பாகிட்ட சொல்லலையா?” என்றேன்.

“சொன்னேங்க டீச்சர். வீடு பாதியில நிக்குது, அம்மா இருந்துட்டுத்தான் வரட்டும், முனி காரியத்துல வாயத் தெறக்காதன்னுச்சு.”

“கூப்பிடுறப்ப நீ எடுத்திருக்கலாமேம்மா.”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “எங்க வீட்ல ரொம்பத் தூரத்துல இருக்குறது அம்மாதானேங்க டீச்சர்?”

அந்த நேரத்தில் போன் உயிர்த்தது. எல்லாம் தெரிந்து நின்ற எனக்கே பிடரி மயிர் சிலிர்த்தது. கல்லில் வரைந்த கண்கள் கீழிருந்து வெளிச்சம் பட்டுத் திறந்துகொண்டன. செத்துக் கிடந்த போன்களின் கண்ணாடிகளிலெல்லாம் அந்த ஒரே வெளிச்சம் விழுந்து, எல்லாம் ஒன்றாக விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது. “பாப்பா... எடும்மா... அம்மா பேசுறேன்...” என்று பனிக்குள் குரல் போயிற்று. தர்ஷினி கையை இன்னும் இறுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். “இருக்கேம்மா! இங்கதான் இருக்கேன்! வாம்மா! வந்துரும்மா!” மணி அடிக்கிற போனுக்கு அது கேட்காது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. கூப்பிட்ட நாளெல்லாம் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கையை நீட்டினேன். கை நடுவில் நின்றுவிட்டது. சூடத்தைத் தொட்ட கை அது. மூளை, நரம்பு, பழக்கம் என்று வருஷக்கணக்காகப் பாடம் எடுக்கிறவளுக்கு அந்த நேரத்தில் மகன் முகத்தைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை. “பாப்பா... எடும்மா...” என்றது குரல். எடுத்துவிட்டேன்.

திரையில், அடுப்பும் அலமாரியுமாக வெள்ளை வெளேரென்ற ஒரு குசினி. அதில் தலையில் துணி கட்டிய ஒரு பெண். இருட்டையும் சூலத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு அவள் அலறினாள். “யாரு நீங்க? பாப்பாவுக்கு என்னா?” நான் போனைப் பிள்ளை பக்கம் திருப்பினேன். “நான்தான் எடுத்தேன், நீ எடுக்கலை, கிட்ட வா” என்றேன். கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு அவள் கிட்ட வந்தாள். “எத்தனை தடவ கூப்பிட்டேன் பாப்பா, நீ எடுக்கவே இல்லையே. எம்மேல கோவம்னு நெனச்சேன். நான் வாறது உனக்கும் வேணாம்போலன்னு நெனச்சேன். மேடம் எதுக்க நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்கம்மா. சரின்னுட்டேன். பேப்பர்ல ஒப்பமும் வச்சிட்டேன்” என்றாள் தாய். தர்ஷினி அழவில்லை. “சரிம்மா. நீ அழுவாத, யாராவது வந்துரப் போறாங்க” என்றாள். அங்கே யாரோ அதட்டுகிற சத்தம் கேட்டது. வெளிச்சம் போயிற்று. கறுத்துப்போன கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் மங்கலாகத் தெரிந்தது.

அவளை அணைத்துக்கொள்வதா, கீழே போய்ச் சிவலிங்கத்தைச் சட்டையைப் பிடித்து உலுக்குவதா, எதுவும் தெரியாமல் நின்றேன். அவள்தான் முதலில் பேசினாள். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே மரியாதையோடு கேட்டாள்: “டீச்சர், ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலந்தான்னு பலகையில எழுதிப் போட்டீங்களே... இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எங்க அம்மாவ நான் அதுக்குள்ளதான் பாக்கணும், அதையும் அந்த ஒரு மணித்தியாலத்துல சேக்கணுமாங்க?”

போனைக் கீழே வைக்க ஊரூராகப் போய்க் கற்றுக்கொடுக்கிற நான், அன்று மஸ்கெலியாவில் பஸ் ஏறியதிலிருந்து, கத்தாரில் என் மகன் எடுத்து “என்னாம்மா, இத்தனை மிஸ்ட் கால்?” என்று கேட்கும்வரை, போனைக் கீழே வைக்கவே இல்லை.